எதிர்பார்ப்புக் குறைப்புப் பிரிவு

எங்கள் மண்டல மருத்துவமனைக்கு லேசர் கருவி வந்த வருடம், அதில் புராஸ்டேட் வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். 'நீங்கள் எதிர்பார்த்தபடி இருந்ததா?' நூறு பேரில் அறுபத்திரண்டு பேர் இல்லை என்றார்கள். இரண்டு வாரம் ரத்தம் கலந்து போகும் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று ஒருவர் எழுதினார். எரிச்சல் ஒரு மாதம் நீடித்தது என்று இன்னொருவர். மனைவியோடு இருக்கும்போது முன்பு வெளியே வந்தது இப்போது உள்ளேயே எங்கோ போய்விடுகிறது என்று மூன்றாமவர் எழுதி, பிறகு வெட்கப்பட்டு அடித்திருந்தார்.

நிர்வாகம் கவலைப்பட்டு, தலைநகரிலிருந்து ஆலோசகர்களை வரவழைத்தது. அவர்கள் மூன்று மாதம் தங்கி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். கிடைப்பதற்கும் எதிர்பார்ப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை இரண்டு வழிகளில் குறைக்கலாம் என்று அதில் இருந்தது. கிடைப்பதை உயர்த்தலாம். அல்லது எதிர்பார்ப்பதைத் தாழ்த்தலாம். முதல் வழிக்கு டாக்டர்களும் தாதியரும் தேவை. இரண்டாவது வழிக்கு ஓர் அறையும் பன்னிரண்டு நாற்காலிகளும் போதும். அறை இருந்தது. அதில் முன்பு தாதியர் இருந்தார்கள்.

இப்படித்தான் எதிர்பார்ப்புக் குறைப்புப் பிரிவு உண்டானது.

அதன் இரண்டாவது வருடத்தில், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலை, எழுபத்தொரு வயது நெவில் டிராண்டருக்குச் சிறுநீர் நின்றுபோனது. நெவில் முப்பத்தெட்டு வருடம் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடையில் வேலை பார்த்தவர். கோதுமை லாரிகளை ஏற்றி இறக்கி எடை சொல்வார். அவர் சொன்ன எடையை யாரும் திரும்பச் சரிபார்த்ததில்லை. தன்னைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் நம்ப முடியாது. ஒரு முறை தானியம் ஏற்றும் திருகு இயந்திரத்தில் சிக்கிக் கட்டைவிரல் பாதி போனபோது, துணியைச் சுற்றிக்கொண்டு மீதி ஒன்பது லாரிகளையும் எடை போட்டுவிட்டுத்தான் தையல் போடப் போனார். எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம் "மோசமில்ல" என்றார்.

இது அவருடைய தனிக்குணம் அல்ல. கோதுமை நாட்டு ஆண்கள் எல்லோரும் அப்படித்தான். இங்கே உடம்பு சரியில்லை என்று சொல்வது, என் வயலையும் நீயே அறுத்துக் கொடு என்று பக்கத்து நிலத்துக்காரனிடம் கேட்பதற்குச் சமம். வறட்சியில் பாதி ஆடுகளை இழந்தவனும் மோசமில்லை என்பான். சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவன் மட்டும்தான் அதைச் சொல்வதில்லை. அவனுக்காக அவன் பிள்ளைகள் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் நெவில் மதியம் வரை மோசமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி டோரீன், அவருடைய அடிவயிறு ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இருப்பதுபோல் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு ஆம்புலன்சை அழைத்தாள். குழாய் செருகினார்கள். ஒன்றேமுக்கால் லிட்டர் வந்தது. குழாயைக் காலில் கட்டிய பையோடு இணைத்து அப்படியே விட்டார்கள்.

அறுவை மருத்துவர் ஃபென்விக் தலைநகரிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை விமானத்தில் வருபவர். அவர் நெவிலிடம் விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார்.

"லேசர்ல ஒரு மணி நேர வேலை. ஒரு ராத்திரி இங்க தங்கணும். மறுநாள் டியூப எடுத்துருவோம். கொஞ்ச நாள் ரத்தம் வரும், எரியும், அவசரமா வர்ற மாதிரி இருக்கும். எல்லாம் சரியாயிரும். ஆனா ஆறு மாசத்துக்குள்ள பண்ணணும். மூத்திரப்பை ரொம்ப விரிஞ்சு கிடக்கு. அதுக்கு மேல போனா சுருங்குற சக்தி போயிரும். அப்புறம் நான் எவ்வளவு பெரிய வழி திறந்துவிட்டாலும் தள்றதுக்கு உள்ள ஆள் இருக்காது."

"அப்படின்னா?"

"அப்படின்னா சாகுற வரைக்கும் டியூப்."

ஃபென்விக் ஒரு தாளில் 'ஆறு மாதத்துக்குள்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். அந்தத் தாள் எதிர்பார்ப்புக் குறைப்புப் பிரிவுக்குப் போனது. அங்கே அது ஓர் எதிர்பார்ப்பு என்று வகைப்படுத்தப்பட்டது.

ஜூன் மாதம் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. நெவிலும் டோரீனும் நூற்று நாற்பது கிலோமீட்டர் வண்டியோட்டிப் போனார்கள். பிரிவின் ஒருங்கிணைப்பாளர் தமாரா இருபத்தாறு வயதுப் பெண். முகத்தில் உண்மையான கனிவு இருந்தது. இது சொல்லப்பட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை.

"வாங்க நெவில். வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

"நாப்பது வருஷமா ரோடு அதே எடத்துலதான் இருக்கு."

தமாரா சிரித்து, இரண்டு படிவங்களை எடுத்தாள். முதல் படிவம் நோயாளியின் கஷ்டத்தை அளப்பது. அதில் இருபதுக்கு மேல் வந்தால்தான் லேசர். இரண்டாவது படிவம் எதிர்பார்ப்பை அளப்பது. அதில் பத்துக்குக் கீழே வந்தால்தான் லேசர். இரண்டும் ஒரே நாளில் பொருந்தி வர வேண்டும்.

"போன மாசம் ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சீங்க?"

"எந்திரிக்கல. பைல போயிருது."

"அப்போ பூஜ்யம். போறது மெலிசா போகுதா?"

"போகவே இல்லையேம்மா."

"மெலிசா போகலைன்னு எடுத்துக்கறேன். பூஜ்யம். முக்க வேண்டியிருக்கா?"

"டியூப் இருக்கே."

"இல்ல. பூஜ்யம். விட்டுவிட்டு வருதா?"

"நிக்காம ஒழுகிட்டேதான் இருக்கு."

"ரொம்ப நல்லது. பூஜ்யம்."

ஏழு கேள்விகளுக்கும் நெவில் பூஜ்யம் வாங்கினார். அந்தப் படிவத்தின்படி, குழாய் போட்ட மனிதனைவிட நன்றாகச் சிறுநீர் கழிப்பவன் மாவட்டத்திலேயே இல்லை. தமாராவுக்கும் இது தெரிந்திருந்தது. அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நெவில், கடைசியா ஒரு கேள்வி இருக்கு. இதுல மோசமா இருக்குன்னு நீங்க சொன்னா, மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் டாக்டர் பார்வைக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இருக்கு. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப இருக்கற மாதிரியே மிச்ச வாழ்க்கை பூரா இருக்கணும்னா, உங்களுக்கு எப்படி இருக்கும்?"

நெவில் யோசித்தார். சன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. அவர் கண்கள் நிறைந்தன என்று தமாரா பிறகு ஒரு முறை சொன்னாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது பேத்தி வயதுப் பெண். அவரை அப்படி ஒரு கேள்வி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"மோசமில்ல," என்றார்.

 தமாரா 'பெரும்பாலும் திருப்தி' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

இரண்டாவது படிவத்தில், சிகிச்சைக்குப் பின் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்ற இடத்தில் நெவில், 'டியூப் இல்லாமல் நின்று போக வேண்டும்' என்று எழுதினார். நாற்பதுக்கு முப்பத்துநாலு வந்தது.

"டியூப் இல்லாம, அது ஒரு எதிர்பார்ப்பு," என்று தமாரா விளக்கினாள். "நின்னுக்கிட்டு, அது ரெண்டாவது. போகணுங்கறது மூணாவது. மூணும் ஒரே நாள்ல வேணும்னா கஷ்டம் நெவில்."

அன்று நெவில் 'தயாராகாதவர்' என்று பதிவானார். தயாராகாதவர்கள் காத்திருப்பவர்கள் அல்ல. அவர்களுடைய நாட்கள் எண்ணப்படுவதில்லை. மருத்துவமனை முகப்பில் இருந்த பலகை, சிகிச்சைக்குச் சராசரிக் காத்திருப்பு நாற்பத்துமூன்று நாள், மாநிலத்திலேயே குறைவு, என்று அறிவித்தது. நெவில் அதன் கீழே நின்று படித்தார்.

வண்டியில் டோரீன் கேட்டாள். "கடைசிக் கேள்விக்கு என்ன சொன்ன?"

நெவில் சொன்னார்.

 கோதுமை வயல்கள் போய்க்கொண்டிருந்தன.

"கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார் கேட்டப்பவும் நீ அதையேதான் சொல்லியிருப்ப. நல்லவேளை, அவர் வேற மாதிரி கேட்டாரு."

"அந்தப் பொண்ணுகிட்டப் போயி எப்படிடி சொல்றது?"

"வாயால சொல்றது. கிழவா, உனக்கு வாய் எதுக்கு இருக்கு? ரொட்டி திங்க மட்டுமா?"

அடுத்த படிவம் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான். அதற்குள் ஆறு வகுப்புகளை முடிக்க வேண்டும். டோரீன் ஃபென்விக்குக்குத் தொலைபேசினாள். அவர் அனுதாபத்தோடு கேட்டார். "நான் கருவியப் பாத்துக்கறேங்க. வரிசையப் பாத்துக்கறது வேற ஆளுங்க," என்றார். போன வியாழக்கிழமை தயாரானவர் யாரும் இல்லாததால் பகல் விமானத்திலேயே திரும்பிவிட்டதாகவும் சொன்னார்.

முதல் வகுப்பை நிர்வாக இயக்குநர் கேவின் ஹாலரன் தொடங்கிவைத்தார். பன்னிரண்டு நாற்காலிகளில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலருடைய கால்சட்டைக்குள் பை புடைத்துத் தெரிந்தது. தேநீரும் தேங்காய்த்துருவல் தூவிய கேக்கும் வைத்திருந்தார்கள். தேநீரை யாரும் தொடவில்லை.

"நண்பர்களே," என்றார் ஹாலரன். "ஒரு ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொருத்தரும் ஏதோ ஒண்ணு வேணும்னு வர்றாங்க. எங்க வேலைல இதுதான் பெரிய சிக்கல். நாங்க இத நேருக்கு நேரா பாக்கத் துணிஞ்சோம். இந்தப் பிரிவு இல்லாத காலத்துல வருஷத்துக்கு நூறு பேருக்கு லேசர் பண்ணினோம். திருப்தி முப்பத்தெட்டு சதவீதம். போன வருஷம் முப்பத்தொரு பேருக்குத்தான் பண்ணினோம். திருப்தி எண்பத்தேழு. போக்கு எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும். இதே மாதிரி உழைச்சா, ஒருத்தருக்கும் பண்ணாத வருஷம் நாம நூறத் தொடுவோம்."

பின்வரிசையில் இருந்த ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "ஒருத்தருக்கும் பண்ணலைன்னா, திருப்தியான்னு யார்கிட்டங்க கேப்பீங்க?"

"அருமையான கேள்வி. அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்."

இரண்டாம் வகுப்பில் ரத்தம். மூன்றாம் வகுப்பில் எரிச்சல். நான்காம் வகுப்பில், உள்ளேயே போய்விடும் விஷயம். அதற்குத் தமாரா படம் ஒன்றைக் காட்டியபோது பன்னிரண்டு பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குழாயைத் திறந்தும் தண்ணீர் வராமல் இருப்பதைக் கற்பனை செய்து, அதற்காக நன்றி சொல்லப் பழகினார்கள். எல்லோரும் ஒரு குறிப்பேட்டில், அன்று என்னென்ன எதிர்பார்க்கவில்லை என்று தினமும் எழுத வேண்டும். நெவில் எடைமேடையில் எழுதியது போலவே ஒழுங்காக எழுதினார். திங்கள்: மழையை எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்: தொலைபேசியை எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்டில் சிறுநீரில் கிருமி ஏறி, காய்ச்சலில் ஒன்பது நாள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அது 'சிகிச்சைக்குத் தகுதியற்ற காலம்' என்று பதிவானதால் இரண்டு வகுப்புகளை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் ஆறு மாதம் முடிந்தது.  அன்றைக்கு டோரீன் தேதித்தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

நவம்பரில் இரண்டாவது முறையாகப் படிவம். இந்த முறை டோரீன் உள்ளே வந்து, கணவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கடைசிக் கேள்வி வந்ததும் நெவில் வாயைத் திறந்தார். டோரீன் அவர் காலை மிதித்தாள்.

"மோசம்," என்றார் நெவில். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் தமாரா இன்னொரு முறை கேட்டாள். டோரீன் மறுபடி மிதித்தாள்.

"ரொம்ப மோசம்."

தமாரா சந்தோஷத்தோடு வட்டம் போட்டாள். ஆனால் எதிர்பார்ப்புப் படிவத்தில் நெவில் ஐந்து மாதப் பயிற்சியின் பலனாகப் பூஜ்யம் எடுத்திருந்தார். மூன்றுக்குக் கீழே போனால் அது மனச்சோர்வு. விதிப்படி மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மனநல நிபுணர் தொலைக்காட்சித் திரை வழியாகப் பதினோரு வாரம் பேசி, நெவிலிடம் ஓரளவு நம்பிக்கையை உண்டாக்கினார். பிப்ரவரியில் எதிர்பார்ப்பு பதினாலாக ஏறிவிட்டது. மறுபடி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் மாதம், இரண்டாவது ஈஸ்டர் கழித்து, அவர் எதிர்பார்ப்பு ஏழில் நின்றது. தயாரானவர் என்று முத்திரை குத்தினார்கள். அன்றிலிருந்து அவருடைய நாட்களை எண்ண ஆரம்பித்தார்கள். நாற்பத்தோராவது நாள் சிகிச்சை நடந்தது. பலகையில் சராசரி இன்னும் குறைந்தது.

லேசர் சொன்னபடியே வேலை செய்தது. ஒரு மணி நேரம். மறுநாள் காலை குழாயை எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நெவில் எட்டு தம்ளர் குடித்தார். பிறகு கழிப்பறையில் போய் நின்றார். டோரீன் கதவுக்கு வெளியே நின்றாள். முக்கால் மணி நேரம் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஃபென்விக் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வழி பிரமாதமா தெறந்திருக்கு," என்றார். "இவ்வளவு சுத்தமான வேலை நானே அபூர்வமாத்தான் பண்ணியிருக்கேன். தள்றதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

"ஆறு மாசம்னு எழுதிக் குடுத்தீங்களே," என்றாள் டோரீன்.

"எழுதிக் குடுத்தேன்," என்றார் ஃபென்விக். அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

குழாயைத் திரும்பச் செருகினார்கள். ஒரு தாதி கேள்வித்தாளோடு வந்தாள். 'நீங்கள் எதிர்பார்த்தபடி இருந்ததா?' நெவில் நேர்மையானவர். அவர் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. 'அப்படியே' என்பதில் குறி போட்டார். அது அந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து கிடைத்த முதல் முழு மதிப்பெண். அவர் படம் மருத்துவமனை ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. தலையணையில் சாய்ந்திருக்கிறார். பை தெரியாதபடி படத்தை வெட்டியிருந்தார்கள்.

நவம்பரில் தமாரா தொலைபேசினாள். புதிதாக வந்திருக்கும் எட்டுப் பேரிடம், லேசர் சிகிச்சையில் என்ன எதிர்பார்க்கலாம் என்று அனுபவப்பட்டவர் என்ற முறையில் அவர் பேச வேண்டும். நெவில் முடியாது என்றுதான் சொல்லப் போனார். பெயர்களைக் கேட்டார். அதில் பேஸில் கிரிம்ஷா இருந்தான். பேஸில் பக்கத்து நிலத்துக்காரன், அறுபத்தாறு வயது, எங்கள் ஊரில் பாதி வயல்களுக்கு அறுவடை இயந்திரம் ஓட்டுபவன். ஜூலை முதல் வாரம் அவனுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

நெவில் போனார். பேஸிலையும் தன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனார். வழியில் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

வகுப்பில் நெவில் எழுந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்கு மோசமா இருந்துச்சு," என்றார். "அத நான் சொல்லல. நீங்க சொல்லுங்க. டாக்டர் ஆறு மாசம்னா ஆறு மாசந்தான். அதுக்கப்புறம் லேசரும் ஒண்ணுதான், டார்ச் லைட்டும் ஒண்ணுதான். கடைசிக் கேள்வி வரும்போது சும்மா இருக்காதீங்க. டேபிள்ல தட்டுங்க. அழுகை வந்தா அழுதுருங்க. நான் தினம் காலைல கக்கூஸ்ல போயி சும்மா நின்னுட்டு வரேன். எதுக்குன்னு எனக்கே தெரியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். பக்கத்து வீட்டுக்காரன் துணியில்லாமல் தெருவில் நிற்பதைப் பார்த்துவிட்டவர்கள் போல இருந்தார்கள்.

விதிப்படி, அனுபவப் பேச்சு முடிந்த உடனே அந்த அறையிலேயே படிவங்களை நிரப்ப வேண்டும். தமாரா எட்டுப் பேருக்கும் கொடுத்தாள். யாரும் மேசையைத் தட்டவில்லை. யாரும் அழவில்லை. ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் நெவிலைப் பார்த்தார்கள், அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று நினைத்தார்கள், எழுதினார்கள். எட்டுப் பேரும் திருப்தி என்று வட்டம் போட்டிருந்தார்கள். அதில் ஐந்து பேர் 'முழுத் திருப்தி'. அது வரை அந்தப் படிவத்தில் யாரும் தொடாத வட்டம் அது. முழுத் திருப்தி அடைந்தவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை என்பதால் ஐந்து பெயர்களும் அன்றே நீக்கப்பட்டன. மற்ற மூவரும் தயாராகாதவர்கள் ஆனார்கள்.

ஹாலரன் தன் அறையிலிருந்து இறங்கி வந்து நெவிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரே பேச்சுல பட்டியல் காலியாயிருச்சு. இத நாங்க ரெண்டு வருஷமா பண்ணப் பாக்கறோம். மாசம் ஒரு தடவை வர முடியுமா?"

திரும்பும்போது நெவில் அறுபது கிலோமீட்டர் வரை பொறுத்தார்.

"நீ என்ன எழுதின?"

"வேற என்ன எழுதறது," என்றான் பேஸில். "முழுத் திருப்தின்னுதான்."

"நான் அவ்வளவு சொன்னேனேடா."

"சொன்ன. நல்லாத்தான் சொன்ன. இனிமே அப்படியெல்லாம் சொல்லாத. உனக்கு நல்லால்ல."

பேஸிலின் பை நிறைந்துவிட்டது. நெவிலுடையதும். வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, இரண்டு பேரும் வேலிக்கருகே போய், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார்கள். கால்சட்டையைத் தூக்கிக் கணுக்காலில் இருந்த பையின் திருகைத் திறந்தார்கள். வேலிக்கு அப்பால் கோதுமை முற்றி, டிசம்பர் அறுவடைக்கு நின்றது.

"அந்த ஆறு மாசம்," என்றான் பேஸில். "எந்த நாள்ல இருந்து?"

"டியூப் வெச்ச நாள்ல இருந்து."

பேஸில் மனதுக்குள் எண்ணினான். பை காலியாகும் வரை எண்ணினான். பிறகு திருகை மூடி, கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"அப்போ புது வருஷம் பொறந்து ஒரு வாரம்," என்றான். "பரவால்ல. அறுவடை கெடாது."